ஏற்றுக்கூலியில் என்ன பேரம்?

பழைய மில்லிங் மெஷின் ஒன்று வாங்கி வீட்டு ஷெட்டில் வைக்கப்போகிறேன் என்று கிளம்பியிருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். மெஷின் விலையில் உங்களால் முடிந்த மட்டும் பேரம் பேசுங்கள். விற்கிறவர் அதற்குத் தயாராகத்தான் விலை சொல்லியிருப்பார். ஆனால் அந்த மெஷினை அங்கிருந்து தூக்கி, வண்டியில் ஏற்றி, உங்கள் வீட்டு வாசலில் இறக்கி, ஷெட்டுக்குள் நிறுத்தித் தருகிறார்களே, அவர்களிடம் பேரம் பேசாதீர்கள். அங்கே நீங்கள் குறைக்கிற ஒவ்வொரு ஆயிரத்துக்கும் வேறொருவர் கை விரலையோ கால் பாதத்தையோ ஈடு வைக்கிறீர்கள்.

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். எங்கள் ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார்: "ஷிஃப்டிங்குக்குப் பதினஞ்சு கேட்டான், எட்டுக்கு முடிச்சேன்." கீழே இருபது பேர் கைதட்டும் படம் போட்டிருந்தார்கள். அந்தக் கைதட்டலைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில், பழைய மெஷின் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. நம்ம கோயமுத்தூரில் அதைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது. ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஓர் ஆங்கிலேய அதிகாரியிடம் பழைய ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைக் கழற்றி மாட்டித்தான் மெக்கானிக் ஆனார். அந்த வழியில் வந்த ஊர் இது. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பீளமேட்டிலும் ஒரு லேத், ஒரு டிரில்லிங், ஒரு மில்லிங் என்று செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்டு ஜாப் ஆர்டர் செய்து மேலே வந்தவர்கள் எத்தனையோ பேர். இன்று அதே பட்டறைகள் கம்ப்யூட்டர் மெஷினுக்கு மாறிவிட்டன, அல்லது மூடிவிட்டன. கையால் சுற்றுகிற பழைய மெஷின்கள் ஓரமாக நின்று தூசி தின்கின்றன. பெங்களூரில் 1953-இல் தொடங்கிய எச்.எம்.டி.யின் பெயர்ப்பலகை ஒட்டிய வார்ப்பிரும்பை எடைக்குப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. நம்மைப் போன்ற நாலு பேர் அதை வாங்கி எண்ணெய் விட்டு ஓட்டினால் புண்ணியம்தான்.

மில்லிங் மெஷின் என்றால் பஞ்சு மில்லோ மாவு மில்லோ அல்ல என்பதை வீட்டுப் பெண்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுகிறேன். லேத்தில் வேலைத்துண்டு சுழலும், உளி நிற்கும். மில்லிங்கில் பல் வைத்த கட்டர் சுழலும், துண்டு மேஜையோடு சேர்ந்து நகரும். தட்டையாகச் சீவ, காடி வெட்ட, சாவிக்குழி எடுக்க இதை விட்டால் வழியில்லை. லேத் மட்டும் வைத்திருக்கிறவருக்கு என்றாவது ஒரு நாள் மில்லிங் ஆசை வந்தே தீரும். அது ஒரு வியாதி, மருந்து கிடையாது.

சரி, மெஷின் பார்க்கப் போகிறோம். அங்கே நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம் தெரியுமா? புதுப் பச்சைப் பெயிண்டைப் பார்த்து ஏமாறமாட்டோம். டேபிளின் நடுப்பகுதியில் தேய்மானம் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பார்ப்போம். கைச்சக்கரத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி எத்தனை கோடு வெறுமனே ஓடுகிறது என்று எண்ணுவோம். பையிலிருந்து டயல் கேஜை எடுத்து ஸ்பிண்டிலில் ஒட்டி, முள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு ஆடுகிறது என்று கண்டுபிடித்து, "ஆட்டம் இருக்கே" என்று உதட்டைப் பிதுக்கி ஐயாயிரம் குறைப்போம். இதெல்லாம் வேண்டியதுதான்.

அதே ஆள், ஏற்றுகிற அன்றைக்கு வந்து நிற்கும்போது என்ன பார்க்கிறார்? செயின் பிளாக்கின் கொக்கி வாய் விரிந்திருக்கிறதா என்று பார்க்கிறாரா? கொக்கியின் பூட்டு நாக்கு இருக்கிறதா? பெல்ட்டில் ஓரம் கிழிந்திருக்கிறதா? கம்பிக் கயிற்றில் இழை பிரிந்து குத்திக்கொண்டு நிற்கிறதா? நூறில் இரண்டு பங்கு ஆட்டத்தைக் கண்டுபிடித்த கண்ணுக்கு, அரை அங்குலம் விரிந்த கொக்கி தெரிவதில்லை. கொக்கி நம்முடையது இல்லையே!

இதே கொக்கி தொழிற்சாலைக்குள் தொங்கினால் அதற்குச் சட்டம் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தூக்கும் கருவி, சங்கிலி, கயிறு எல்லாவற்றையும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி உள்ள ஒருவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. அதற்குப் பதிவேடு வேண்டியிருந்தது. சோதித்த தேதியைப் பெயிண்டில் எழுதிவைத்து, இன்ஸ்பெக்டர் வரும் நாளில் ஓடி ஓடித் துடைத்ததெல்லாம் நம்மில் பலர் பார்த்ததுதான். முப்பது வருடம் அந்த ஒழுங்கில் வேலை பார்த்துவிட்டு, ரிட்டயர் ஆனதும் நம் வீட்டு வாசலில் துருப்பிடித்த கொக்கிக்குக் கீழே ஒரு பையனை நிற்க வைக்கிறோம். வீட்டு வாசலுக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டார் என்பதுதான் நமக்குத் தைரியம்.

மில்லிங் மெஷினை நகர்த்துவது லேத்தை நகர்த்துவது மாதிரி அல்ல. லேத் நீளமாகத் தாழ்வாகப் படுத்திருக்கும். மில்லிங் நிற்கும். பட்டறையில் எம்1டிஆர் என்று சொல்கிற டர்ரெட் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பட்டறைக்கு அதைத்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். ஒரு டன் அளவு எடை. ஆள் உயரத்துக்கு மேல். மோட்டாரும் தலையும் உச்சியில். அடித்தளமோ அகலத்தில் இரண்டடி. கணக்கு போட்டுப் பாருங்கள்: இரண்டடி அகல அடித்தளத்தின் ஒரு ஓரத்தை ஆறு அங்குலம் தூக்கினால், ஆறடி உயரத்தில் இருக்கும் தலை ஒன்றரை அடி பக்கவாட்டில் போய்விடும். அதற்குப் பிறகு அதைப் பிடித்து நிறுத்த பீமன்தான் வரவேண்டும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஏற்றுவதற்கு முன் தலையைக் கீழ்நோக்கித் திருப்ப வேண்டும், மோட்டார் தொங்கும்படி. டேபிளைத் தாங்குகிற ‘நீ’ (முழங்கால் என்கிற பாகத்தைச் சொல்கிறேன், உங்களை அல்ல) முழுவதும் கீழே இறங்க வேண்டும். இடையில் மரக்கட்டை வைத்து மோட்டாரை அதன்மேல் உட்கார வைத்து, எல்லாப் பூட்டுகளையும் இறுக்க வேண்டும். எடை பாதி உயரத்துக்கு இறங்கிவிடும். பெல்ட்டை டேபிளுக்கு அடியிலோ கைப்பிடியிலோ மாட்டக்கூடாது. இன்னும் நல்ல வழி, பிரித்து எடுப்பது. தலை தனி, ராம் தனி, டேபிள் தனி, தூண் தனி. ஒவ்வொன்றும் அடங்கிப் போகிற எடை ஆகிவிடும். வந்து சேர்ந்த பிறகு மாட்டி, தலையை டயல் கேஜ் வைத்து நேராக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் ஆகும், இரண்டு நாள் ஆகும். ஆகட்டுமே. நம்மிடம் வேறென்ன இருக்கிறது? தொழிற்சாலைக்காரர் திங்கட்கிழமை உற்பத்தி தொடங்க வேண்டும் என்று அவசரப்படலாம். காலையில் பேப்பர் படித்து, மதியம் தூங்கி, சாயங்காலம் வாக்கிங் போகிற நமக்கு என்ன அவசரம்?

ஆனால் பாருங்கள், தலையைத் திருப்பவும் பிரிக்கவும் ஆகிற நேரம் கூலியில் சேர்கிறது. பேரத்தில் முதலில் பறிபோவது அதுதான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் கதையைச் சொல்கிறேன். நல்ல மனிதர், படித்தவர், மின்சாரத் துறை சார்ந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வடவள்ளிப் பக்கம் வீடு. கணபதியில் மூடிய பட்டறை ஒன்றில் டர்ரெட் மில்லிங் பார்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு முடித்தார். மெஷின் தூக்கும் மேஸ்திரி ஒருவர் வந்து இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டுப் பதினெட்டாயிரம் கேட்டார். ஏற்றும் இடத்தில் ஹைட்ரா கிரேன், இறக்கும் இடத்தில் ஹைட்ரா, நடுவில் 407 லாரி, ஐந்து ஆள். நண்பர் பேசிப் பேசி அதைப் பதினொன்றுக்குக் கொண்டுவந்தார். மேஸ்திரி தலையைச் சொறிந்துவிட்டு "சரிங்க" என்று போய்விட்டார். யானையை விலை பேசி முடித்தவன் அங்குசத்துக்குச் சண்டை போட்ட கதைதான்.

அந்த ஏழாயிரம் எங்கிருந்து வந்தது? மேஸ்திரியின் லாபத்திலிருந்து வரவில்லை. இறக்கும் இடத்து ஹைட்ரா போயிற்று. 407 போய் அதன் இடத்தில் குட்டி யானை வந்தது. ஐந்து ஆள் மூன்று ஆனார்கள், அதில் ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான். தலையைத் திருப்பவில்லை, நேரமில்லை. நண்பர் பார்த்தது பதினொன்று என்ற எண்ணை மட்டும். மேஸ்திரி பின்னால் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவரு ஏழாயிரம் கொறச்சாருங்ணா. நான் ஹைட்ராவக் கொறச்சேன்."

குட்டி யானையைப் பற்றி ஒரு வார்த்தை. 2005-இல் வந்தபோது அந்த வண்டி தாங்கும் எடையாகக் கம்பெனிக்காரரே சொன்னது முக்கால் டன். காய்கறி மூட்டைக்கும் தண்ணீர் கேனுக்கும் அருமையான வண்டி. அதன் முதுகில் ஒரு டன் மில்லிங் மெஷினை நிற்க வைத்து, நைலான் கயிற்றால் நாலு சுற்று சுற்றி, பையனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மருதமலை ரோட்டில் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். நைலான் கயிறு இழுபடும். வண்டி சாய்ந்தால் கயிறும் கூடவே சாயும். இது எல்லா டிரைவருக்கும் தெரியும். இரும்புச் சங்கிலியும் ராட்செட் பெல்ட்டும் வாங்கி வைக்க அவர்களுக்கு நாம் கொடுக்கிற வாடகையில் இடமில்லை.

வீட்டு வாசலுக்கு வந்தார்கள். நம்ம ஊர் வீட்டு வாசல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ரோட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் சாக்கடை, அதன்மேல் கான்கிரீட் பலகை. ஸ்கூட்டருக்கும் காருக்கும் போட்ட பலகை. மெஷினும் வண்டியும் சேர்ந்து இரண்டு டன் கிட்ட வரும், அதில் பெரும்பகுதி பின்சக்கரத்தில். பலகை உடைந்தது. வண்டி ஒரு பக்கம் இறங்கியது. மெஷின் கேட் தூண் பக்கம் மெல்லச் சாய்ந்தது. மெல்லச் சாய்ந்ததுதான் விபரீதம். வேகமாக விழுந்திருந்தால் எல்லோரும் ஓடியிருப்பார்கள். மெல்லச் சாய்ந்ததால் பிடித்துவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. வாசலில் நின்ற அத்தனை பேரும் "பிடி, பிடி" என்று கத்தியிருக்கிறார்கள். அந்தப் புதுப் பையன் பிடித்தான்.

வலது கையில் மூன்று விரல். வயது இருபத்து மூன்று.

நண்பர் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார். மேலே இருபதாயிரம் கொடுத்தார். தாராளம் என்று தெருவே பேசியது. மெஷினில் ஒரு கைப்பிடி மட்டும் உடைந்திருந்தது, அறுநூறு ரூபாயில் வேறு மாட்டினார்கள். இன்றைக்கு நன்றாக ஓடுகிறது. அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று மேஸ்திரிக்கும் தெரியவில்லை. பதினெட்டாயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. இறக்கும் இடத்தில் ஹைட்ரா இருந்திருந்தால் ரோட்டிலேயே வண்டியிலிருந்து தூக்கியிருப்பார்கள், பலகைமேல் சக்கரம் ஏறியே இருக்காது.

தொழிலில் ஊறிய மேஸ்திரிகள் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு: விழுகிற மெஷினைப் பிடிக்காதே, விலகு. ஒரு வாரம் ஆன பையனுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. நாம் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல மேஸ்திரியாக இருக்கத் தேவையில்லை. "சாய்ஞ்சா விட்டுருங்க, மெஷின் போனாப் போகட்டும்" என்று வீட்டுக்காரர் வாயால் வேலை தொடங்கும் முன் ஒரு தடவை கேட்டால், அந்தப் பையன்களுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம்! உடைந்தால் நம் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பாதிப் பேர் பிடிக்கிறார்கள்.

என்னோடு வாதாடுகிறவர்கள் மூன்று வகை. அவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"அந்தக் காலத்தில் ஏது ஹைட்ரா? கடப்பாரையும் பைப்பும் வைத்தே பத்து டன் பிரஸ்ஸை நகர்த்தினோமே!" என்பார்கள். நகர்த்தினோம், உண்மை. நானும் பார்த்திருக்கிறேன். இன்றும் கேட்டுக்குள்ளே ஷெட் வரைக்கும் அந்த முறைதான் சரி. சி கிளாஸ் பைப் நாலைந்து, ஸ்லீப்பர் கட்டை, இரண்டு கடப்பாரை. ஓரத்தை ஓர் அங்குலம் நெம்பு, கட்டை வை. மறு ஓரம் ஓர் அங்குலம், கட்டை வை. ஒரே ஒருவர் குரல் கொடுப்பார். "ஐலசா" என்பது பாட்டுக்காக ஏற்பட்டதல்ல, எல்லாக் கையும் ஒரே நொடியில் விசை கொடுப்பதற்காக ஏற்பட்டது. அந்த முறை பாதுகாப்பானது, ஏனென்றால் அது மெதுவானது. பத்தடி நகர்த்த அரை நாள் ஆகும். பதினொன்றுக்குப் பேசி முடித்த மேஸ்திரிக்கு அரை நாள் ஏது? மதியம் இன்னொரு இடத்தில் இன்னொரு மெஷின் காத்திருக்கிறது. பழைய முறையைப் புகழ்கிறவர்கள் பழைய நேரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தவிர, அந்தக் காலத்தில் விரல் இல்லாத மேஸ்திரிகளை நாம் பார்க்கவில்லையா? அதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

குரல் பற்றிச் சொன்னேன். இப்போது நம் வாசலில் நடப்பதைப் பாருங்கள். வேலை செய்கிற பையன்கள் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர்கள். கிரேன் டிரைவர் தமிழ். வீட்டுக்காரர் "மெதுவா மெதுவா", பக்கத்து வீட்டுக்காரர் "லெஃப்ட் லெஃப்ட்", மாடியிலிருந்து அம்மா "செடி, செடி". ஆறு கட்டளை, மூன்று மொழி, ஒரு டன். மேஸ்திரியைத் தவிர மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்பதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

இரண்டாவது வகை: "அவங்களுக்கு இது தினப்படி வேலைங்க, பழகியிருப்பாங்க." பழக்கம் வந்தால் பயம் போகும், ஆபத்து போகாது. ஹைட்ராவில் மெஷினைத் தொங்கவிட்டு, அது ஆடாமல் இருக்க ஓர் ஆள் கையால் பிடித்தபடி பக்கத்திலேயே நடந்து வருவதைத் தினமும் பார்க்கிறோம். டிரைவருக்கு முன்னால் தொங்குவது மெஷின் மட்டும்தான் தெரியும், நடக்கிற ஆளின் கால் தெரியாது. பல பெரிய கம்பெனிகள் தங்கள் தளத்தில் ஹைட்ராவை இப்படி ஓட்டத் தடை போட்டிருக்கின்றன. சும்மா போடுவார்களா? கயிறு கட்டி எட்டி நின்று ஆட்டத்தை அடக்கலாம். கயிறு என்ன விலை?

குறுக்குச் சந்தில் கிரேன் கையை உயர்த்தும்போது மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் நாம்தான் முன்னாலேயே பார்த்து வைக்க வேண்டும். நம் தெரு நமக்குத்தான் தெரியும்.

மூன்றாவது வகையின்மேல் எனக்கு அனுதாபம் உண்டு. "பென்ஷன்ல எங்கேயிருந்துங்க பதினெட்டாயிரம்?" நியாயமான கேள்வி. பதில் நேரானது: அப்படியானால் அந்த மெஷின் உங்கள் பட்ஜெட்டில் இல்லை. ஒன்று அறுபதுக்கு மெஷின் தேடாமல் ஒன்று நாற்பதுக்குத் தேடுங்கள். அல்லது மேஜைமேல் வைக்கிற சின்ன மில்லிங் வாங்குங்கள். அல்லது லேத்தில் பொருத்தும் மில்லிங் அட்டாச்மென்ட் போதும் என்று இருங்கள். நாம் செய்யப்போவது என்ன, ராக்கெட்டா? பேரனுக்கு நீராவி இன்ஜின் மாடலும், மிக்ஸிக்கு ஒரு புஷ்ஷும்தானே? எச்.எம்.டி.யின் இரண்டு டன் எஃப்.என்.2 மெஷின்தான் வேண்டும் என்று அடம்பிடித்துவிட்டு, அதன் எடைக்கான கூலியை மட்டும் கூலிக்காரர் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது என்ன நியாயம்? மின்சாரத்துக்கு இன்வெர்ட்டர் டிரைவ், வைஸ், கட்டர், காலெட் என்று மெஷின் வந்த பிறகு ஐம்பதாயிரம் செலவழிக்கப்போகிறோம். அந்தக் கடைகளில் பில்லைப் பார்த்ததும் வாய் திறக்கமாட்டோம். பில் இல்லாதவனிடம்தான் நம் வீரம் எல்லாம்.

மாடியில் பட்டறை வைக்கிறேன் என்று ஒருவர் சொன்னார். வீட்டு மாடித் தளத்தை நம் நாட்டுத் தரநிலைப்படி சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ உபயோகச் சுமைக்குத்தான் கணக்கிடுகிறார்கள். மில்லிங் மெஷின் அரை சதுர மீட்டரில் ஒரு டன் நிற்கும். சுமை பரவும், பீம் இருக்கிறது என்றெல்லாம் சொல்லலாம். அதைக் கட்டடப் பொறியாளர் சொல்லட்டும். நான் சொல்ல வந்தது வேறு. கயிறு கட்டி மாடிக்கு அதை ஏற்றும்போது கீழே நிற்கப்போவது அவர் அல்ல.

டீலர்கள் "ஃப்ரீ டெலிவரி" என்று சொல்லும்போதும் இதையே யோசியுங்கள். இலவசம் என்று ஒன்று கிடையாது. எந்த வண்டி, எத்தனை ஆள், எந்தக் கிரேன் என்று கேளுங்கள். பதில் "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றால் வேண்டாம் என்று சொல்லி, டெலிவரிப் பணத்தை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அங்கே நன்றாகப் பேரம் பேசலாம்!

மேஸ்திரியிடம் பேசும்போதும் தொகையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். வேலையிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டு இடத்தையும் வந்து பாருங்கள் என்று கூப்பிடுங்கள், வந்து பார்ப்பதற்கே இருநூறு முந்நூறு கொடுங்கள். பார்க்காமல் போனிலேயே விலை சொல்கிறவர் வேண்டாம். தலையைத் திருப்பி ஏற்றுவீர்களா, எத்தனை ஆள், இறக்க என்ன ஏற்பாடு, ஆட்களுக்கு ஷூ இருக்கிறதா என்று கேளுங்கள். உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்து, அதன்கீழ் நல வாரியமும் இருக்கிறது. பதிவு செய்த தொழிலாளிக்கு விபத்து என்றால் கொஞ்சமாவது உதவி கிடைக்கும். ஆட்களிடம் அந்த அட்டை இருக்கிறதா என்று கேட்கலாம். இல்லை என்றால் பதிவு செய்யச் சொல்லலாம். ஃபாரம் நிரப்பிக்கொடுக்க நம்மைவிட நேரமுள்ளவர்கள் யார்? எல்லாம் கேட்ட பிறகு அவர் ஒரு தொகை சொல்வார். நியாயமாகப் பட்டால் கொடுங்கள். அதிகம் என்று பட்டால் இன்னொரு மேஸ்திரியைக் கூப்பிட்டு இதே கேள்விகளைக் கேளுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு விலை வாங்குவது தவறில்லை. சொன்ன விலையை நசுக்குவதுதான் தவறு.

மெஷின் பார்க்க என்னைக் கூட வரச்சொல்லி இப்போதும் சிலர் கேட்கிறார்கள். வருகிறேன், டயல் கேஜ் என்னிடம் இருக்கிறது. ஆனால் மெஷின் படத்தை முதலில் அனுப்பாதீர்கள். உங்கள் கேட்டின் அகலம், சாக்கடைப் பலகையின் கனம், அதன்கீழ் சுவர் எங்கே இருக்கிறது, வாசலுக்கு மேலே போகிற கம்பி எத்தனை அடி உயரம், கேட்டிலிருந்து ஷெட்டுக்கு எத்தனை படி என்று அளந்து, நாலு போட்டோவோடு அனுப்புங்கள். கம்பியைத் தரையில் நின்று கண்ணால் குறித்தால் போதும், ஏணி போட்டு ஏற வேண்டாம். மெஷினை அதற்குப் பிறகு பார்ப்போம்.